பிள்ளைக்கு வாழவே பிடிக்கவில்லை என்று தெரியவரும்போது: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பதின்வயதுப் பிள்ளைக்குத் தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று சந்தேகப்படும் பெற்றோரும், அது உறுதியாகித் திகைத்து நிற்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 7,20,000-க்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக் காரணங்களில் 2021-இல் அது மூன்றாவது இடத்தில் இருந்தது. ஆகவே இந்தப் பக்கத்தைத் தேடி வரும் பெற்றோர் தங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த விதி என்று இதை நினைக்க வேண்டியதில்லை.

இந்த நிமிடமே ஆபத்து என்று தோன்றுகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். குளியலறைக்குப் போனாலும் கதவைத் தாழிட வேண்டாம் என்று சொல்லி வெளியே நில்லுங்கள். உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடிய எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வேறொருவரைக் கொண்டு அகற்றுங்கள், நீங்கள் பிள்ளையின் பக்கத்திலேயே இருங்கள். பிள்ளை ஏற்கெனவே எதையாவது உட்கொண்டுவிட்டது என்றோ காயப்படுத்திக்கொண்டது என்றோ தெரிந்தால், பார்வைக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் காத்திருக்காமல் அவசர ஊர்தியை அழையுங்கள் அல்லது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். நீங்களாகக் கைவைத்தியம் எதுவும் செய்ய வேண்டாம்.

பேசி வழிகாட்ட ஒருவர் வேண்டுமானால் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனில் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14 ஆகிய எண்களை அழைக்கலாம். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவரைப் பற்றிக் கவலைப்படுபவரும் பேசலாம்.

நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததுபோல் ஆகிவிடாதா?

ஆகாது. பெற்றோரைப் பேசவிடாமல் தடுக்கும் அச்சங்களில் இதுவே பெரியது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் தற்கொலை எண்ணம் குறித்துக் கேட்டுப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வில், கேட்கப்பட்டவர்களிடம் மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. மனச்சோர்வு உள்ளவர்களும் முன்பு முயன்றவர்களும் அந்தக் கேள்வியை எதிர்கொண்ட பிறகு, கேட்கப்படாதவர்களைவிடச் சற்று ஆறுதலாகவே காணப்பட்டார்கள். பிறகு நடந்த ஆய்வுகளும் இதே திசையையே காட்டுகின்றன.

காரணம் எளிது. அந்த எண்ணம் உள்ள பிள்ளை அதைப் பல நாள் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறது. சொன்னால் அம்மா அழுவாள், அப்பா கத்துவார் என்று அஞ்சி வாயை மூடியிருக்கிறது. நீங்களே அந்தச் சொல்லை எடுத்துவிட்டால், இந்த வீட்டில் இதைப் பேசலாம் என்பது அதற்குப் புரிந்துவிடுகிறது. எண்ணமே இல்லாத பிள்ளையோ “ஐயோ, என்னம்மா இது, அதெல்லாம் இல்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். அதனால் எந்த நட்டமும் இல்லை.

எந்தச் சொற்களில் கேட்பது? வாய் வரவில்லையே.

வாய் வராததற்குத் தமிழிலும் ஒரு காரணம் இருக்கிறது. ‘தற்கொலை’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கொலை உட்கார்ந்திருப்பதால், அதை உச்சரிப்பதே குற்றம் சாட்டுவதுபோல் படுகிறது. அதனால்தான் “தப்பா ஏதாவது முடிவு எடுத்துராதே” என்று சுற்றிவளைக்கிறோம். அப்படிக் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு: ‘தப்பு’ என்று தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டதால், பிள்ளை “இல்லை” என்றுதான் பதில் சொல்லும். “அந்த மாதிரி எண்ணமெல்லாம் இல்லைதானே?” என்ற கேள்வியும் அதே வகைதான், நமக்கு வேண்டிய பதிலை நாமே வாயில் ஊட்டிவிடுகிறோம்.

முகத்துக்கு முகம் பார்த்து உட்காராமல், நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ கேட்பது பலருக்கு எளிதாக இருக்கிறது. நீங்கள் கண்ணால் கண்டதை முதலில் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள். “ரெண்டு வாரமா நீ ராத்திரி தூங்கறதே இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. ஃபிரண்ட்ஸ் கூப்பிட்டாலும் போகறதில்ல. இவ்வளவு வேதனையில இருக்கறவங்களுக்குச் சில நேரம் செத்துடலாமான்னு கூடத் தோணும். உனக்கு அப்படித் தோணியிருக்கா?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதி நீண்டதாகத் தோன்றும். அதை நிரப்ப முயல வேண்டாம்.

“ஆமாம், தோணியிருக்கு” என்று சொல்லிவிட்டால்?

அந்த முதல் ஒரு நிமிடத்தில் உங்கள் முகம் சொல்வதைத்தான் பிள்ளை முதலில் படிக்கும். “எங்கிட்ட சொன்னியே, அதுவே எனக்குப் பெரிசு. இதை நீ தனியா தாங்க வேண்டாம்” என்ற அளவுக்குச் சொன்னால் போதும். கண்ணில் நீர் வந்தால் வரட்டும். ஆனால் பிள்ளை உங்களைத் தேற்ற வேண்டிய நிலைக்குத் தள்ளாதீர்கள்.

அன்பினால்தான் சொல்கிறோம் என்றாலும் அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிடும் வாக்கியங்கள் சில உண்டு: “உனக்கு என்ன குறை வெச்சோம்?”, “நாங்க பட்ட கஷ்டத்துல இது தூசு”, “எங்களைக் கொஞ்சமாவது நினைச்சுப் பார்த்தியா?” கடைசி வாக்கியம்தான் மிகவும் கெடுதல் செய்கிறது என்பது எங்கள் கருத்து. தான் குடும்பத்துக்குப் பாரம் என்ற நினைப்பு தற்கொலை எண்ணத்தின் நடுவேர்களில் ஒன்று. ஏற்கெனவே அந்த நினைப்பில் இருக்கும் பிள்ளைமேல் இன்னொரு குற்றவுணர்வை ஏற்றிவைக்கிறோம்.

அவசரமின்றி அடுத்த மூன்றைக் கேட்டறியுங்கள்: எப்படி என்று யோசித்திருக்கிறதா, அதற்கு வேண்டியது கைவசம் இருக்கிறதா, எப்போது என்று நாள் ஏதும் குறித்திருக்கிறதா. முன்பு முயன்றதுண்டா என்பதையும் கேளுங்கள்; பெற்றோருக்குத் தெரியாமல் நடந்த முயற்சிகள் இந்தக் கேள்வியில்தான் வெளியே வருகின்றன. திட்டமும் வழியும் நாளும் தெளிவாக இருந்தால் அது அவசர நிலை. முதல் கேள்விக்கான பதிலில் சொன்னதைச் செய்யுங்கள். “எப்பவாவது தோணும், செய்ய மாட்டேன்” என்பது வரை இருந்தாலும் சில நாட்களுக்குள் மனநல மருத்துவரையோ பயிற்சி பெற்ற ஆலோசகரையோ பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

பதின்வயதுக்கே உரிய சிடுசிடுப்பையும் ஆபத்தான மாற்றத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

ஒரு நாள் கதவை அறைந்து சாத்துவது வயது. இரண்டு வாரத்துக்கும் மேலாக, தனக்கு மிகப் பிடித்தவற்றில்கூட ஆர்வம் அற்றுப்போவது வேறு. எதிலிருந்து எதுவாக மாறியிருக்கிறது என்பதைப் பார்ப்பதே பயன் தரும். இயல்பிலேயே பேசாத பிள்ளையின் மௌனமும் வாயாடியின் மௌனமும் ஒன்றல்ல. இந்த வயதில் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை, எரிச்சலாகவும் கோபமாகவும் வருகிறது. அதனால்தான் வீட்டில் அதற்குத் ‘திமிர்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

தூக்கம் கெடுவது, சாப்பாட்டில் மாற்றம், படிப்பில் திடீர்ச் சரிவு, தன்னைத் தானே கீறிக்கொள்வது, போதைப் பழக்கம், உயிருக்கு அஞ்சாத விளையாட்டு, ஆசையாக வைத்திருந்த பொருள்களை எடுத்துக் கொடுப்பது, கடன் தீர்ப்பதுபோல் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். பேச்சையும் கவனியுங்கள். “தூங்கினா அப்படியே எழுந்திரிக்காமலே இருந்துட்டா நல்லாயிருக்கும்”, “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி”, “அடுத்த வருஷம் நான் எங்க இருக்கப் போறேன்” போன்றவை பேச்சுவாக்கில் வந்து விழும். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அன்றிரவே தனியாக உட்கார்ந்து “நீ சொன்னது மனசுல கிடக்கு” என்று தொடங்கலாம்.

இன்னொன்று எளிதில் ஏமாற்றிவிடும். பல வாரம் இருண்டு கிடந்த பிள்ளை, எந்தக் காரணமும் இல்லாமல் ஒரே நாளில் தெளிந்து அமைதியாகிவிட்டால் பெற்றோர் பெருமூச்சு விடுவார்கள். சிலருக்கு அந்த அமைதி, முடிவெடுத்துவிட்டதால் வந்ததாக இருக்கலாம். அந்த நாளில் கூடுதலாக ஒருமுறை கேளுங்கள்.

மிரட்டத்தான் சொல்கிறான், கவனத்தை ஈர்க்கத்தான் என்கிறார்களே?

கவனத்தை ஈர்க்கத்தான் என்றே வைத்துக்கொள்வோம். கவனம் கிடைக்கச் சாவைப் பேச வேண்டியிருக்கிறது என்று ஒரு பிள்ளை நினைப்பதே கவனிக்க வேண்டிய செய்தி அல்லவா? சொல்கிறவர்கள் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கை தவறானது. தற்கொலையால் இறந்தவர்களில் பலர் முன்பே யாரிடமாவது ஏதோ ஒரு வகையில் சொல்லியிருக்கிறார்கள். தன்னைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாரும் சாக விரும்புவதில்லை என்பதும், பலர் தாங்க முடியாத உணர்ச்சியைத் தணிக்கவே அப்படிச் செய்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் அந்தப் பழக்கம் பின்னாளில் தற்கொலை முயற்சிக்கான அபாயத்தைக் கூட்டுகிறது. ஆகவே அதையும் திட்டித் தீர்க்காமல் சிகிச்சைக்கு உரியதாகவே பாருங்கள்.

வீட்டிலுள்ள பொருள்களைப் பூட்டிவைப்பதால் என்ன பயன்? நினைத்தவர் வேறு வழி தேடமாட்டாரா?

பெற்றோரால் வீட்டில் செய்ய முடிந்தவற்றில் மிகப் பலன் தருவது இதுதான். இதைத்தான் பலரும் நம்ப மறுக்கிறார்கள். தற்கொலை நெருக்கடி என்பது அலைபோல எழுந்து தணிவது. ஆஸ்திரியாவில் முயற்சிக்குப் பின் பிழைத்த 82 பேரிடம் கேட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தக் கடைசி நினைப்பு எழுந்ததற்கும் முயன்றதற்கும் இடையே 10 நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை என்றார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கு எது கிடைக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. பூட்டைத் திறக்க, சாவியைத் தேட, யாரிடமாவது கேட்க நேரமாகும்போது அலை இறங்கிவிடுகிறது.

வேறு வழி தேடுவார்கள் என்பதும் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. கடைசி நொடியில் பிறரால் தடுக்கப்பட்ட 515 பேர் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன் 1978-இல் தேடிப்பார்த்தார். அவர்களில் சுமார் 94 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள் அல்லது இயற்கையான காரணங்களால் இறந்திருந்தார்கள். இலங்கையில் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்துகொண்டே வந்தார்கள். 1995-க்குப் பிறகான இருபது ஆண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. மக்களின் துன்பம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. கைக்கெட்டும் நஞ்சுதான் குறைந்தது.

ஆகவே வீட்டில் ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். எல்லாருடைய மருந்துகளும், தலைவலி மாத்திரை உட்பட, பூட்டிய பெட்டிக்குள் போகட்டும். தேவைக்கு மேல் வாங்கிவைக்க வேண்டாம். காலாவதியானவற்றை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுங்கள். தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பாவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பூச்சிக்கொல்லி, எலி மருந்து, துப்பாக்கி இருக்குமானால் அவை தற்காலிகமாக வீட்டைவிட்டே வெளியேறுவது நல்லது. பிள்ளைக்குத் தெரியாமல் ஒளித்துவைத்து நாடகமாட வேண்டாம்: “உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல. மோசமான ஒரு நேரம் வந்தா அதை நீ தாண்டி வரணும்னுதான் எடுத்து வைக்கறோம்” என்று சொல்லியே செய்யலாம்.

“யாரிடமும் சொல்லாதே” என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். என்ன செய்வது?

அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். “ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிரைக் காப்பாத்த யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்குச் சொல்லுவேன், யாருக்கு, என்னன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்” என்று வரம்பை வெளிப்படையாக வையுங்கள். அதேபோல, பிள்ளையிடமிருந்து “இனி செய்ய மாட்டேன்” என்று சத்தியம் வாங்குவதும் வீண். அது உயிரைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மீண்டும் அந்த எண்ணம் வரும்போது, வாக்குத் தவறிவிட்டோமே என்ற வெட்கம்தான் பிள்ளையின் வாயை அடைக்கும்.

கைப்பேசியைத் திருட்டுத்தனமாகப் படிக்கலாமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. உயிர் ஆபத்து கண்முன் இருந்தால் படியுங்கள், படித்ததைச் சொல்லிவிடுங்கள். மற்ற நேரத்தில், கண்டுபிடிக்கப்பட்ட வேவு ஒன்று பல மாத உரையாடலை அழித்துவிடும்.

சத்தியம் வேண்டாம் என்றால் அதற்குப் பதில் என்ன?

‘பாதுகாப்புத் திட்டம்’ என்ற ஒரு பக்கத் தாள். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வடிவமைத்தது. பிள்ளை நிதானமாக இருக்கும் நேரத்தில், முடிந்தால் ஆலோசகர் ஒருவரின் துணையோடு, பிள்ளையின் சொந்தச் சொற்களிலேயே எழுதப்பட வேண்டும். நெருக்கடி வருவதை எந்த அறிகுறி முதலில் காட்டுகிறது என்பதில் தொடங்கி, தானாகவே செய்துகொள்ளக்கூடியது எது, மனத்தைத் திருப்ப யாரோடு இருக்கலாம், எங்கே போகலாம், உதவி வேண்டும் என்று யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம், எந்த மருத்துவரை அல்லது எந்த எண்ணை அழைப்பது, சுற்றியுள்ள இடத்தை எப்படிப் பாதுகாப்பாக்குவது என்று படிப்படியாகப் போகும். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த முன்னாள் படைவீரர்களிடம் இதைப் பயன்படுத்தி, பின்தொடர்ந்து தொலைபேசியில் பேசியும் வந்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் வழக்கமான கவனிப்பைவிட 45 சதவீதம் குறைந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவர்கள் வயதுவந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் பதின்வயதினருக்கும் இதே முறை பயன்படுத்தப்படுகிறது.

“மனசு கனமா இருந்தா தியானம் பண்ணுவேன்” என்று பெரியவர்களுக்குப் பிடித்த மாதிரி எழுதிய தாள் ஆபத்து நேரத்தில் உதவாது. “ஐஸ் தண்ணியில முகத்தை முக்குவேன், நாயைக் கூட்டிக்கிட்டு மாடிக்கில்ல, தெருவுக்குப் போவேன், அத்தைக்கு ஒரு புள்ளி மட்டும் அனுப்புவேன்” என்று எழுதிய தாள் உதவும். அந்தப் புள்ளி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அத்தைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிகிச்சை என்றால் மருந்துதானா? மருந்தே அந்த எண்ணத்தைத் தூண்டும் என்கிறார்களே?

பெரும்பாலும் தொடக்கம் பேச்சுச் சிகிச்சைதான். எண்ணப்போக்கையும் நடத்தையையும் சீராக்கும் சிகிச்சை, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய, உணர்ச்சிக் கொந்தளிப்பைத் தாங்கக் கற்றுத்தரும் சிகிச்சை, குடும்பத்தையும் சேர்த்து அமரவைக்கும் சிகிச்சை ஆகியவை இந்த வயதினரிடம் பயன்படுகின்றன. மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வு இருந்தால் மருத்துவர் மருந்தும் தரலாம்.

மருந்து பற்றிய அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல், மனச்சோர்வு மருந்துகள் சிறார்களிடம் தற்கொலை எண்ணத்தையோ செயலையோ கூட்டக்கூடும் என்று எச்சரிக்கைக் குறிப்பு இடச் சொன்னது. 2007-இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. அடிப்படையாக இருந்த சோதனைகளில் மருந்து எடுத்தவர்களில் சுமார் 4 சதவீதமும் ஒப்பீட்டுக்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 2 சதவீதமும் அப்படிப்பட்ட எண்ணத்தையோ செயலையோ காட்டினர். தற்கொலை இறப்பு ஒன்றும் நிகழவில்லை. அந்த எச்சரிக்கையை ‘மருந்தே வேண்டாம்’ என்று படிக்கக் கூடாது. தொடங்கிய முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் அருகிலிருந்து கவனிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அமைதியின்மை, தூக்கமின்மை, திடீர் ஆவேசம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்திவிடுவதும் ஆபத்து.

எங்கள் வளர்ப்பில்தான் தவறா?

தற்கொலை எண்ணத்துக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. மனச்சோர்வு, மரபுவழிச் சாய்வு, சீண்டல், காதல் முறிவு, தேர்வு, வன்முறை, பாலியல் கொடுமை, தூக்கமின்மை எனப் பல இழைகள் ஒரே நேரத்தில் முறுக்கிக்கொள்கின்றன. தன் மேல்தான் முழுப்பழியும் என்று நினைக்கும் பெற்றோர், குற்றவுணர்வில் மூழ்கி எதையும் செய்ய முடியாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் வீடு ஒன்றுமே செய்யாது என்று சொல்வதும் பொய்யாகும். ஒருபால் ஈர்ப்புள்ள இளைஞர்களிடம் அமெரிக்க ஆய்வாளர் கேட்லின் ரயன் குழுவினர் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பதின்வயதில் குடும்பத்தால் கடுமையாக நிராகரிக்கப்பட்டவர்கள், நிராகரிப்பு இல்லாத அல்லது குறைவாக இருந்த குடும்பங்களில் வளர்ந்தவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றதாகக் கூறினார்கள். பிள்ளை யார் என்பதை மாற்ற உங்களால் முடியாது. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் இடம் உண்டா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. நேற்று கோபத்தில் “எங்கயாவது போய்த் தொலை” என்று சொல்லியிருந்தால், இன்று போய் “அது நான் சொல்லியிருக்கவே கூடாத வார்த்தை” என்று ஒப்புக்கொள்ளலாம்.

அப்படியானால் இனி எதற்குமே கண்டிக்கக் கூடாதா?

கண்டிக்கலாம். வீட்டில் விதிகளே இல்லாமல் போனால், தன்னைக் கண்டு எல்லாரும் பயப்படுகிறார்கள் என்பது பிள்ளைக்குத் தெரிந்து அதன் பயம்தான் கூடும். கண்டிப்பு செயலைப் பற்றியதாக இருக்கட்டும். அவமானப்படுத்துவதும், பிறர்முன் திட்டுவதும், பிற பிள்ளைகளோடு ஒப்பிடுவதும் வேண்டாம். நெருக்கடி நாட்களில் மதிப்பெண் பேச்சை ஒத்திவையுங்கள்.

பேசவே மறுக்கிறான். அறைக்கதவு திறப்பதே இல்லை.

சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் தொடர் சிகிச்சையை மறுத்த 843 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்தாண்டு காலம் சிறுசிறு கடிதங்கள் அனுப்பச் செய்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று நலம் விசாரிக்கும் நாலு வரி. பதில் எழுத வேண்டும், சிகிச்சைக்கு வர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எதுவும் கிடையாது. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிரிவில் தற்கொலைகள் குறைவாக இருந்தன.

நீங்களும் கதவுக்கு அடியில் ஒரு துண்டுச்சீட்டைத் தள்ளலாம், கைப்பேசியில் ஒரு வரி அனுப்பலாம். “சாப்பிட்டியா, ஏன் பேச மாட்டேங்கற, நாளைக்கு டாக்டர்கிட்ட போகலாமா” என்று கேள்விகளை அடுக்காமல், “மழை பெய்யுது. உன் ஞாபகம் வந்துச்சு” என்பதோடு நிறுத்துங்கள். நீலக் குறி மட்டும் விழுந்து பதில் வராவிட்டாலும் மறுநாளும் அனுப்புங்கள். உங்களிடம் பேசாத பிள்ளை வேறு யாரிடம் பேசும் என்பதையும் யோசியுங்கள். அது மாமாவாகவோ விளையாட்டுப் பயிற்சியாளராகவோ இருந்தால், மனம் நோகாமல் அவரிடம் அனுப்பிவையுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு ஒருவர் கருத்து ஒத்துப்போகவில்லையே?

சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிள்ளையின் காதுபட விவாதிக்காதீர்கள். ‘சும்மா செல்லம் கொடுக்கறீங்க’ என்று சொல்பவரையே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கக் கூட்டிச்செல்லுங்கள். நீங்கள் பத்து முறை சொல்லி ஏறாதது அங்கே ஒருமுறையில் ஏறும்.

இரவெல்லாம் தூங்காமல் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு யார் துணை?

இந்தக் கேள்வியைப் பெற்றோர் எப்போதும் கடைசியில்தான், எழுந்து போகும்போது கேட்கிறார்கள். அம்மா, பிள்ளையின் அறை வாசலில் பாயை விரித்துப் படுத்திருப்பாள். அலுவலகத்தில் கைப்பேசி அடித்தால் அப்பாவுக்கு அடிவயிறு கலங்கும். சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்பதால் வீடே ஒரு ரகசியமாகிவிடும். இப்படி இரண்டு மூன்று வாரம் தாங்கலாம். மாதக்கணக்கில் முடியாது, தூக்கம் கெட்டவரின் பொறுமையும் கெடும், பொறுமை கெட்ட இடத்தில் வரக்கூடாத வார்த்தை வரும்.

காவலைப் பகிர்ந்துகொள்வது பிள்ளைக்கும் நல்லது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெரில் கிங், தற்கொலை எண்ணத்தாலோ முயற்சியாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 448 பதின்வயதினரை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினர், தங்கள்மேல் அக்கறை உள்ள பெரியவர்கள் சிலரின் பெயரைத் தாங்களே சொன்னார்கள்: பெற்றோர், உறவினர், ஆசிரியர் என்று. அந்தப் பெரியவர்களுக்கு ஒரு விளக்க வகுப்பும், மூன்று மாதம் வாரந்தோறும் தொலைபேசி ஆதரவும் கிடைத்தன. 11 முதல் 14 ஆண்டுகள் கழித்து இறப்புப் பதிவுகளைப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 13 பேர் இறந்திருந்தார்கள். பெரியவர்களின் துணையும் இருந்த பிரிவில் 2 பேர். எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகளின் கணக்கு இது. ஒரே ஆய்வு என்பதால் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும், அந்தத் திட்டம் நேரடியாகத் தாங்கிப்பிடித்தது பிள்ளைகளைச் சுற்றியிருந்த பெரியவர்களைத்தான் என்பதை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஆகவே நம்பிக்கைக்குரிய மூவரின் பெயரை, பிள்ளையையும் கேட்டு, எழுதுங்கள். யார் எந்தக் கிழமை, எந்த இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கென ஓர் ஆலோசகரைப் பார்ப்பது ஆடம்பரம் அல்ல. உங்களுக்கே வாழ வேண்டாம் என்று தோன்றத் தொடங்கினால், மேலே கொடுத்த எண்கள் உங்களுக்கும் உரியவை.

தம்பி தங்கைகளுக்கு என்ன சொல்வது?

உண்மையை, வயதுக்கேற்ற அளவில். “அக்காவுக்கு மனசுல உடம்பு சரியில்லை, டாக்டர் பார்க்கறார், உன்னால வந்தது இல்லை.” அவர்களை ஒற்றர்களாக்காதீர்கள், எட்டு வயதுக் குழந்தை அக்காவுக்குக் காவல் இருக்க முடியாது.

மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் பள்ளியில் என்ன சொல்ல வேண்டும்?

வீடு திரும்பிய முதல் வாரமும் அடுத்த மூன்று மாதமும் அபாயம் மிகுந்த காலம். முதல் மறுபரிசோதனைக்கு நாள் குறிக்காமல் மருத்துவமனையைவிட்டு வராதீர்கள். பள்ளியில் ஒருவரிடம், முடிந்தால் ஆலோசகரிடம், தேவையான அளவு சொல்லுங்கள். வகுப்பில் தாங்க முடியாதபோது கேள்வி கேட்கப்படாமல் எழுந்து போக ஓர் இடம், விடுபட்ட பாடங்களுக்கு அவகாசம் ஆகிய இரண்டையும் கேட்டுப் பெறுங்கள். “எங்க போயிருந்தே?” என்று நண்பர்கள் கேட்டால் சொல்வதற்கு ஒரு வரியைப் பிள்ளையோடு சேர்ந்து தயாரித்து, இரண்டு முறை சொல்லிப்பார்க்கச் செய்யுங்கள்.

உடன் படித்த ஒருவர் தற்கொலையால் இறந்துவிட்டார். என் பிள்ளைக்கும் ஆபத்தா?

பதின்வயதில் இது தொற்றக்கூடியது. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்களிடம் அதிகம். செய்தி அடுத்தவர் வாயால் வருமுன் நீங்களே சொல்லுங்கள். எப்படி நடந்தது என்ற விவரங்களுக்குள் போகாதீர்கள், இறந்தவரைத் தியாகியாகவும் ஆக்காதீர்கள், கோழை என்றும் சொல்லாதீர்கள். அஞ்சலிப் பதிவுகளை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள், “உனக்கும் அப்படித் தோணுதா?” என்று கேட்க வேண்டிய நாள் அது.

இப்போது தேறியிருக்கிறாள். காவலை எப்போது தளர்த்தலாம்?

ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. அதே நேரம், முன்பு முயன்றிருப்பது இனிமேலான அபாயத்தைச் சொல்லும் வலுவான குறிகளில் ஒன்று. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, மருத்துவரிடமும் பிள்ளையிடமும் பேசிப் படிப்படியாகத் தளர்த்துங்கள். முதலில் ஒரு மணி நேரம் தனியாக வீட்டில் இருப்பது, பிறகு நண்பர் வீட்டுக்குப் போய்வருவது, பிறகு இரவில் கதவைச் சாத்திக்கொள்வது. மருந்துப் பெட்டியின் பூட்டு மட்டும் பல காலம் இருக்கட்டும். அது யாரையும் உறுத்துவதில்லை. ஒரு படி ஏறியபின் சறுக்கினால் முந்தைய படிக்குத் திரும்பலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அது தண்டனையாகத் தோன்றாது. அறைக்கதவிலிருந்து கழற்றிவைத்த தாழ்ப்பாளை எந்த நாளில் திரும்பப் பொருத்துவது என்று அவளிடமே கேளுங்கள். திருகை முறுக்கும்போது ஸ்க்ரூடிரைவரை அவள் கையில் கொடுக்கலாம்.